ஜெர்மனி வந்த இடத்தில் லேப்டாப் பவர் பட்டன் மக்கர் செய்தால்

ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் பத்துத் தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் ஆன் ஆகிறது என்று கேட்ட தம்பிக்கு, அப்புறம் அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும்.

இப்போது ஓடுகிறதா? அப்படியானால் ஷட் டவுன் செய்யாதீர்கள். முதலில் சர்டிபிகேட், தீசிஸ் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றுங்கள். வேலை முடிந்தால் மூடி ஸ்லீப்பில் வைத்தால் போதும். ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ் திரைக்குள், போய்ப் பாருங்கள்: மூடியைத் திறந்தாலோ சார்ஜரைச் செருகினாலோ தானாக ஆன் ஆகும் வசதி சில டெல், லெனோவோ மாடல்களில் உண்டு. அது இருந்தால் அவசரமே இல்லை.

சுத்தமாக ஆன் ஆகவில்லை என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி முயலுங்கள். சார்ஜ் விளக்கே எரியவில்லையென்றால் பட்டனைச் சந்தேகிக்கும் முன் வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதை சீரியல் நம்பர் போட்டு கம்பெனி தளத்தில் பார்க்கலாம். இங்கே கடையில் புதிதாக வாங்கியது என்றால் 2 ஆண்டு வரை விற்றவரே பொறுப்பு. முதல் 12 மாதத்துக்குள் வரும் கோளாறு வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'கம்பெனியிடம் போங்கள்' என்று கைகாட்டினால் நகராதீர்கள். 'கெவேர்லைஸ்டுங்', அதாவது விற்றவருக்குச் சட்டப்படி உள்ள அந்தப் பொறுப்பு, என்று கேளுங்கள்.

வாரண்டி இல்லையா? ரிப்பேர் கஃபேக்குப் போங்கள், அதாவது தன்னார்வலர்கள் கூடி, கொண்டுவரும் பொருளை நம்மோடு சேர்ந்து ரிப்பேர் செய்யும் இடம். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய இந்த வழக்கம் இங்கேயும் பல ஊர்களில் இருக்கிறது. கூலி கிடையாது, உண்டியலில் விருப்பப்பட்டதைப் போடலாம். பட்டன் தனிச் சின்ன போர்டில் இருந்தால் வேலை சுலபம்: பேட்டரி இணைப்பை முதலில் கழற்றி, பட்டனிலிருந்து வரும் ரிப்பன் கேபிளை எடுத்துத் திரும்பப் பொருத்தினாலே சில சமயம் சரியாகிவிடும். இல்லாவிட்டால் அந்த போர்டை மட்டும் வாங்கி மாற்றலாம்.

கீபோர்டிலேயே ஒரு கீயாக இருந்தால்தான் தலைவலி, முழுக் கீபோர்டையும் மாற்ற வேண்டும். கடையில் கொடுக்கும் முன் 'கோஸ்டன்ஃபோரான்ஷ்லாக்', அதாவது செலவு மதிப்பீடு, கேளுங்கள். அதற்கே காசு வாங்கும் கடைகளும் உண்டு, அதையும் விசாரியுங்கள். யுஎஸ் லேஅவுட் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒய்யும் இசட்டும் இடம் மாறிய ஜெர்மன் கீபோர்டைப் போட்டுத் தந்துவிடுவார்கள்.