புதுப்பிப்பு: ஆர்வியில் புத்தகங்களுக்கு இடம்

போன அக்டோபரில் ஆர்வியில் (வீடாகவே வாழக்கூடிய வண்டி) குடியேறும்போது, என் 120 புத்தகங்களை என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். "முதலில் எடை போடுங்கள்" என்றீர்கள். போட்டேன்: 52 கிலோ! கதவுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் சுமை வரம்பைப் பார்த்துவிட்டு, மனசைத் தேற்றிக்கொண்டு 14 மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்போது அரிசோனாவில், குவார்ட்சைட் அருகே பாலைவனத்தில் இருக்கிறோம். அரசு நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டித் தங்கலாம். சிக்னல் வரும், போகும். அதனால் ஊருக்குள் தண்ணீர் பிடிக்கப் போகும்போதே லிபி (Libby) என்ற செயலியில் நூலக மின்புத்தகங்களை இறக்கிவிடுகிறேன். அப்புறம் இணையமே வேண்டாம்.

ஆனால் உண்மையான சந்தோஷம் ஆர்வி முகாம்களின் சலவை அறைப் புத்தக அலமாரிகள்தான். ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுக்கலாம். போன வாரம் எடுத்த துப்பறியும் நாவலில், 40ஆம் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் "இவனை நம்பாதே" என்று எழுதியிருந்தார். நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு ஒரே இரவில் முடித்தேன். அவர் சொன்னது சரிதான்.

ஈரம் பற்றிக் கேட்டவர்களுக்கு: வெளிச்சுவரை ஒட்டிப் புத்தகம் வைக்காதீர்கள். குளிரில் அங்கேதான் நீர் கோர்க்கிறது. உள்பக்கம் மாற்றிய பிறகு ஒரு பூஞ்சைப் புள்ளிகூட இல்லை.