மழை ஆரம்பிச்சதுலேந்து லேசர் பிரிண்டர்ல ஒரே ஜாம்... 70, 75, 80 ஜிஎஸ்எம் இதுல எந்த பேப்பர் வாங்குறது?

சீர்காழிசெல்வி:
எல்லாருக்கும் வணக்கம். சீர்காழி பக்கத்துல சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஆரம்பிச்சு ஏழு மாசம் ஆகுது. ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேசர் பிரிண்டர்தான். கோடை பூரா ஒரு தொந்தரவும் குடுக்கல, ஐப்பசி மழை புடிச்சதுலேந்து பத்து ஷீட்டுக்கு ஒரு தடவ சிக்குது, இல்லன்னா ரெண்டு மூணு ஷீட்டு ஒட்டிக்கிட்டு ஒண்ணா போகுது, வெளிய வர்றது அப்பளம் மாதிரி சுருண்டு வருது. ஆதார் ஜெராக்ஸுக்கு வர்றவங்கள நிக்க வச்சிட்டு மெஷின திறந்து மூடுறதே வேலையா இருக்கு. நான் வாங்குறது 75 ஜிஎஸ்எம்னு (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்கற கணக்கு) சொல்லி குடுக்குற ரீம், அதாவது 500 ஷீட்டு கட்டு. ஒருத்தர் 80 போடுங்கறாரு, இன்னொருத்தர் கரும்புச்சக்கைல செஞ்ச பேப்பர் லேசருக்கு ஆகாது, அதான் இப்படின்னு சொல்றாரு. அடுத்த வாரம் ஒரு ஸ்கூல்ல 200 சர்டிஃபிகேட் ஆர்டர் வேற வந்திருக்கு, அதுக்கு என்ன பேப்பர் போடலாம்னும் சொல்லுங்க.

டோனர்_மணி:
தங்கச்சி, நான் 14 வருசமா பிரிண்டர் சர்வீஸ் பண்றேன். நீங்க சொல்றத பாத்தா மெஷின் மேல தப்பு இருக்குற மாதிரி தெரியல, பேப்பர் ஈரம் குடிச்சிருக்கு. நல்ல பேப்பர்லயே நூத்துக்கு அஞ்சு பங்கு போல ஈரம் இருக்கத்தான் செய்யும், அது கூடிச்சுன்னாதான் வம்பு. டோனர்ங்கறது பிளாஸ்டிக் கலந்த பொடி, அத பேப்பர்ல உருக்கி ஒட்ட வைக்க ஃபியூசர் 200 டிகிரி கிட்ட சூடாகும், அதுக்குள்ள ஈரமான ஷீட்டு போனா ஒரு பக்கத்து ஈரம் சட்டுனு ஆவியாயிடும் மறுபக்கம் அப்படியே நிக்கும், அதான் அப்பளம் மாதிரி சுருளுது. ராத்திரி கடைய மூடும்போது ட்ரேல பேப்பர விட்டுட்டு போறீங்களா? மழைக்காலத்துல அத மட்டும் செய்யாதீங்க. மிச்சத்த எடுத்து ரீம் கவர்லயே போட்டு, அதையும் ஒரு பிளாஸ்டிக் பைல சுத்தி வைங்க. தரையிலயோ செவுத்த ஒட்டியோ அடுக்காம ஒரு பலகை போட்டு அது மேல வைங்க.

சக்கை பேப்பர் கதைய நம்பாதீங்க. நம்ம கரூர் காகிதபுரத்துல டிஎன்பிஎல் (தமிழ்நாடு அரசு பேப்பர் கம்பெனி) 1980கள்லேந்து முக்கியமா கரும்புச்சக்கைலதான் பேப்பர் செய்யுது, அந்த காப்பியர் பேப்பர் நான் போற ஆபீஸ் பலதுல நல்லாவே ஓடுது. எதுல செஞ்சாங்கங்கறத விட வெட்டு சுத்தமா இருக்கா, தூசி கொட்டாம இருக்கான்னு பாருங்க. மட்டமான பேப்பர்ல ஓரத்துல மாவு மாதிரி உதிரும், அது பேப்பர உள்ள இழுக்குற பிக்கப் ரோலர்ல படிஞ்சா பிடிப்பு போயிடும். வாரத்துக்கு ஒரு தடவ லேசா ஈரத்துணியால ரோலர தொடைச்சு காய விடுங்க.

தமிழ்டீச்சர்:
நான் டியூஷன் சென்டருக்கு கொஸ்டின் பேப்பர் எடுக்குறவ. ரெண்டு பக்கமும் பிரிண்ட் போடுறதா இருந்தா 80 வாங்குங்க, 70ல பின்பக்கத்து எழுத்து தெரிஞ்சு பிள்ளைங்களுக்கு படிக்க கஷ்டமா இருக்கு. ஒரு பக்கம் மட்டும்னா 75 தாராளம். இன்னொண்ணு, மிச்சம் புடிக்கிறேன்னு ஒரு பக்கம் பிரிண்ட் ஆன பழைய பேப்பர திருப்பி போடாதீங்க. அதுல ஸ்டேப்ளர் பின் ஒண்ணு இருந்து உள்ள போய் ஃபியூசர் ஃபிலிம கிழிச்சிடுச்சு, நாலு ரூபா பேப்பருக்கு பாத்து ஆயிரக்கணக்குல செலவு பண்ணேன்.

ஜெராக்ஸ்காரன்:
ஜிஎஸ்எம் கவர்ல போட்டிருக்கறத அப்படியே நம்பாதீங்கம்மா. எடை போட்டு பாருங்க. ஒரு ஏ4 ஷீட்டு சதுர மீட்டர்ல 16ல ஒரு பங்கு. அதனால 80 ஜிஎஸ்எம்னா ஒரு ஷீட்டு 5 கிராம், 500 ஷீட்டு ரீம் இரண்டரை கிலோ. 75ன்னா 2 கிலோ 340 கிராம் கிட்ட வரணும், 70ன்னா 2 கிலோ 180. கவர பிரிச்சிட்டு எடை போடணும்.

சர்டிஃபிகேட்டுக்கு 120 ஜிஎஸ்எம் போடுங்க, அழுத்தமா இருக்கும். கனமான அட்டைக்கு ஆசப்படாதீங்க, சின்ன லேசர் மெஷின் பலதுல 163 வரைக்கும்தான் தாங்கும், உங்க மெஷின் மேனுவல்ல பாத்துக்குங்க. ட்ரேல அடுக்காம மேனுவல் ஃபீட்ல ஒண்ணொண்ணா குடுங்க, பின்னாடி கதவு இருந்தா திறந்து விட்டா வளையாம நேரா வெளிய வரும். பிரிண்ட் செட்டிங்ல பேப்பர் டைப்ப திக்னு மாத்த மறக்காதீங்க, அப்பதான் சூடு போதுமான அளவு ஏறும், இல்லன்னா நகத்தால சுரண்டினாலே எழுத்து உதிரும். வேலை முடிஞ்சதும் பிளெய்னுக்கு திருப்பிடுங்க, அந்த சூட்டுல சாதா பேப்பர் இன்னும் சுருளும். இங்க்ஜெட்டுக்கு விக்கிற பளபளா ஃபோட்டோ பேப்பர மட்டும் சத்தியமா உள்ள விட்டுடாதீங்க, மேல்பூச்சு உருகி ஃபியூசர்ல சுத்திக்கும்.

சீர்காழிசெல்வி:
மணி அண்ணா, டீச்சர், ஜெராக்ஸ் அண்ணா, ரொம்ப நன்றி. பக்கத்து காய்கறிக்கடை தராசுல வச்சு பாத்தேன், கவர் இல்லாம 2 கிலோ 190 கிராம்தான் இருக்கு. ஏழு மாசமா 75க்கு காசு குடுத்து 70 வாங்கியிருக்கேன், மனசு ஆறல. வேற கடைல 75 ரெண்டு ரீம் அங்கயே எடை போட்டு வாங்கினேன், ராத்திரி ட்ரேய காலி பண்ணி பைல சுத்தி வச்சேன். இன்னிக்கி காலைலேந்து 140 ஷீட்டு போயிருக்கு, மழை விடாம பெய்யுது, ஒரே ஒரு தடவதான் சிக்கிச்சு. ரோலர இன்னும் தொடைக்கல, சாயங்காலம் செய்யணும். பிரிண்ட் எடுக்குற பக்கம் எதுன்னு ரீம் கவர்ல ஒரு அம்பு போட்டிருக்கு, அது மேல பாக்கணுமா கீழ பாக்கணுமா?

டோனர்_மணி:
அம்பு காட்டுற பக்கம் பிரிண்ட் விழணும். உங்க ட்ரேல எந்தப்பக்கம் விழுதுன்னு ஒரு ஷீட்டு மேல பென்சில்ல புள்ளி வச்சு ஓட்டி பாத்துடுங்க. அப்படி வச்சும் சுருண்டா பேப்பர் கட்ட திருப்பி போடுங்க, பாதி நேரம் அதுலயே நேராயிடும்.