காலேஜுக்குள் ஒரு கலை அருங்காட்சியகம் வைத்தால் ஊர்ச்சனம் வருமா?

பாசிக்கரை:
ராமநாதபுரம் பக்கம் கடலோரக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். பழைய நூலகக் கட்டடம் காலியாகக் கிடக்கிறது, அதில் சின்னதாக ஒரு கலை அருங்காட்சியகம் வைக்கலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டேன். "பிள்ளைகளுக்குத்தானே, சரி" என்றார்கள். எனக்கு அது மட்டும் போதாது. சங்கு குளிக்கிறவர், கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள், ஓலைக் கொட்டான் (கூடை) முடைகிற ஆச்சி எல்லாரும் உள்ளே வர வேண்டும். ஆனால் கேட்டைத் தாண்டவே நம் சனத்துக்குக் கூச்சம், தாண்டினால் வாட்ச்மேன் ஐடி கார்டு கேட்பார். வேறு எங்காவது பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு ஊர்க்காரர்கள் இயல்பாகப் போய்வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே என்ன வைக்கலாம்? கையில் காசு அதிகம் இல்லை.

தொண்டிக்காரன்:
இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683-இலேயே பொதுமக்களுக்குத் திறந்தது. 1710-இல் அங்கே போன உஃபென்பாக் என்ற ஜெர்மானியர், அன்று சந்தை நாளாம், கிராமத்து ஆணும் பெண்ணும் வந்து நெரிக்கிறார்கள், ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களைக்கூட விட்டுவிடுகிறார்கள் என்று எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு எரிச்சல், எனக்கென்னவோ அந்த அருங்காட்சியகத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. இப்போது அங்கே அனுமதி இலவசம். அவ்வளவு பணம் புழங்கும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் கலை அருங்காட்சியகங்களை எல்லாருக்கும் எல்லா நாளும் இலவசமாக்கியது 2023-இல்தான். ஆகவே முதல் நாளிலிருந்தே டிக்கெட் வேண்டாம், ஐடி கார்டும் வேண்டாம். ரோட்டுப் பக்கம் தனி வாசல் வைக்க முடியுமா பாருங்கள்.

பெரியபட்டினத்தான்:
எங்கள் ஊரில் 1987-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியதில் சீனப் பீங்கான் ஓடுகள் அவ்வளவு கிடைத்தன. அழகன்குளத்தில் ரோமானியக் காசு, கப்பல் கீறிய பானை ஓடு. இதையெல்லாம் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள், எங்கள் தெருப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு ஓட்டையாவது நேரில் பார்த்திருக்கிறார்கள்? பல்கலைக்கழகம் ஊருக்குள் வந்து எடுத்துப்போனால் மறுபடி ஊருக்கு வந்து காட்டவும் வேண்டும், அதுதான் என் கோபம். சரி, 2025-26 பட்ஜெட்டில் ராமநாதபுரத்துக்கு 21 கோடியில் நாவாய் அருங்காட்சியகம் அறிவித்திருக்கிறார்கள், பழைய கடல் வணிகத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அதோடு போட்டி போடாதீர்கள். இன்றைக்கு இருக்கிற கைவேலையை வையுங்கள்: வத்தை (நாட்டுப்படகு) கட்டுகிறவரின் உளி, மீனுக்கு மீன் மாறும் வலைக்கண், ஓலைப்பாய். எல்லாவற்றிலும் செய்தவர் பெயர் எழுதியிருக்க வேண்டும். தன் பெயர் சுவரில் இருக்கிறதென்றால் அந்த ஆச்சி குடும்பத்தோடு வருவார்.

உப்புக்காத்து:
பழம்பொருளை விட்டு இன்றைய கைவேலையை வைப்பது சட்டப்படியும் நல்லது. அருங்காட்சியகம் என்று போர்டு வைத்ததும் யாராவது வயலில் கிடைத்த காசு, சிலை என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் (ஆமாம், இன்னமும் பத்து ரூபாய்தான்). நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியத்துக்கு 1972 தொல்பொருள் சட்டம் வேறு இருக்கிறது. அப்புறம் இந்தக் காற்று. இரும்பு துருப்பிடிக்கும், காகிதம் பூஞ்சை பிடிக்கும், ஓலைக்குப் புல்தைலம் தடவிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஓவியம் வேண்டுமென்றால் ராமநாதபுரம் சேதுபதி மன்னர்களின் அரண்மனை ராமலிங்க விலாசம் பக்கத்திலேயே இருக்கிறது. சேதுபதி ஐரோப்பியரைச் சந்திப்பது, தஞ்சை மராட்டியரோடு சண்டை எல்லாம் சுவரில் இருக்கிறது. அனுமதி வாங்கிப் பிள்ளைகளை அங்கே உட்கார்ந்து பார்த்து வரையச் சொல்லுங்கள், அந்தப் படங்களை உங்கள் ஹாலில் மாட்டலாம்.

கீழக்கரை காக்கா:
டீச்சர், யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லையே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். படகுக்காரர்கள் வலை பொத்துவார்கள், எஞ்சின் பார்ப்பார்கள், அதுபோக வருடத்திலேயே கொஞ்சம் பொழுது கிடைப்பது அப்போதுதான். சரியாக அந்த நேரம் பார்த்துக் காலேஜ் லீவு விட்டுப் பூட்டுப் போட்டுவிடும்! மற்ற மாதம் காலை பத்திலிருந்து மாலை நாலு என்று வைத்தாலும் யார் வருவார்கள்? அந்தி சாய்ந்து எட்டு மணி வரை திறங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை, எங்கள் பக்கம் யாரும் வர மாட்டோம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாசிக்கரை:
காக்கா, லீவு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மே மாதம் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போய்விடுவோம், சாவி யாரிடம் இருப்பது என்பதுதான் இனிச் சண்டை. பழைய மாணவர்களில் உள்ளூரிலேயே இருப்பவர்கள் முறை வைத்து உட்காரத் தயார் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கிறேன். ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன கேட் துருப்பிடித்துக் கிடக்கிறது, வெல்டரிடம் நாளைக்கே விலை கேட்கிறேன். பெரியபட்டினத்து அண்ணே, உங்கள் ஊரில் வத்தை கட்டுகிறவர் யாரையாவது தெரிந்தால் என்னை அழைத்துப்போங்கள்.