கருடகம்பம் வேலை: ஊர்க் குழு

வாத்தியார் ஐயா
சாஞ்ச கருடகம்பத்தை (பெருமாள் கோயில் விளக்குக் கல்தூண்) நிமிர்த்தறதுக்காக காலையில தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தாச்சு. தரைக்கு மேல 18 அடி. உச்சி கிழக்கால 9 அங்குலம் விலகியிருக்கு. மேக்கால கடப்பாரை விட்டுப் பார்த்ததுல மண்ணுக்குள்ள 4 அடி.

குவாரி மாமா
அப்போ மொத்தம் 22 அடி. குறுக்களவு 15க்கு 15 அங்குலம். 34 கன அடி வருது. நம்ம கருங்கல் கன அடிக்கு 75 கிலோ, ஆக 2,600 கிலோ கிட்ட. மேல கொஞ்சம் ஒடுங்குது, அதைக் கழிக்க வேணாம். 3 டன் செயின் பிளாக் (பாரம் இழுக்கற சங்கிலிக் கப்பி) ரெண்டு எடுங்க.

டிராக்டர் தம்பி
ஜேசிபி வருதுல்ல மாமா, அதுலயே இழுத்துடலாமே?

குவாரி மாமா
வேணாம்பா. கருங்கல் எவ்வளவு பாரம் வெச்சாலும் தாங்கும், வளைவு தாங்காது. ஒரு உலுக்கு போதும், மண்மட்டத்துல ஒடிஞ்சுடும். ஜேசிபிய கிழக்கால தூரமா நிறுத்தி பக்கெட்டை மண்ணுல ஊனி வைங்க. ஒரு செயின் அதுல, கம்பம் மேக்கால சாஞ்சுடாம பின்னால பிடிச்சுக்க. இன்னொண்ணு மேக்கால புளியமரத்து அடியில. மேக்குச் செயின்ல ஒரு பல் ஏத்தினா கிழக்குல ஒரு பல் விடணும். கம்பத்துல 12 அடி உயரத்துல பெல்ட். வயர் ரோப் போட்டா முனை பேத்துடும். பெல்ட்டுக்கு அடியில சாக்கை நாலா மடிச்சு வைக்கணும்.

மேலவீதி அக்கா
பள்ளம் சுத்தியும் எடுக்கணுமாண்ணா?

குவாரி மாமா
இல்லம்மா, மேக்கால மட்டும். சாஞ்ச பக்கம் ஒரு கூடை மண்ணு கூட எடுக்கக் கூடாது, அதுதான் இப்போ கம்பத்தைத் தாங்குது. ரெண்டு செயினும் இறுகின பிறகுதான் கடப்பாரையே இறங்கணும்.

வாத்தியார் ஐயா
சாஞ்ச காரணத்தையும் சரி பண்ணணும். ரோடு உயர்ந்ததால மழைத்தண்ணி பூரா கிழக்கால வந்து தேங்குது. அடியில சுத்திப் போட்ட சிமெண்டு மேடை தண்ணிய வெளிய விடல, மண்ணு ஊறிப்போச்சு. மேடைய உடைச்சுட்டு, கம்பத்துல இருந்து வெளிய சரிவா ஒரு வாய்க்கால் எடுக்கணும்.

டிராக்டர் தம்பி
திரும்ப காங்கிரீட் போட்டா பலமா இருக்காதா ஐயா?

வாத்தியார் ஐயா
நாளைக்கு ஏதாச்சும்னா பிரிக்க முடியாதுப்பா. பள்ளத்தை நிரப்ப சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் பொடி), மணல் ஒண்ணுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு. அரை அடிக்கு ஒரு தட்டு, கருங்கல் சக்கை போட்டு திமிசுக் கட்டையால இடிக்கணும். 21 நாள் ஈரச்சாக்கு. அதுவரைக்கும் பெல்ட்டை அவிழ்க்கக் கூடாது. புரட்டாசி முதல் சனிக்கிழமை விளக்கேத்தணும்னா ஆவணி முதல் வாரமே வேலைய ஆரம்பிச்சாகணும்.

மேலவீதி அக்கா
கீழ மூணு அடிக்கு அடிச்ச பச்சை பெயிண்டுக்கு அடியில எழுத்து தெரியுது. தமிழா தெலுங்கான்னு பிடிபடல. கிரைண்டர்ல கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சா வந்துடும்னு ஒருத்தர் சொல்றார்.

வாத்தியார் ஐயா
கையெடுத்துக் கும்பிடறேன், யாரும் கிரைண்டரைக் கொண்டுவராதீங்க. எழுத்து அரை விரக்கடை ஆழம் கூட இல்ல, ஒரு தேய்ப்புல போயிடும். கம்பித் துகள் கல்லுல ஒட்டி மழையில துருக்கறை விடும். ஆசிட் ஊத்தினாலும் மஞ்சள் பூக்கும். பெயிண்ட் ரிமூவர் தடவி 20 நிமிஷம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால மெல்ல எடுக்கணும். கையுறை கட்டாயம். சுத்தமானதும் மைப்படி எடுக்கணும்: ஈரக் காகிதத்தை ஒட்டி பிரஷ்ஷால தட்டினா காகிதம் எழுத்துப் பள்ளத்துல இறங்கும், பாதி காஞ்சதும் மேல மை ஒத்தணும். பள்ளத்துல வெள்ளையா நிக்கும் எழுத்து.

குவாரி மாமா
உச்சியில விளக்குக் கூண்டுக்கு அடிச்ச இரும்பு முளையப் பார்த்தீங்களா? துரு ஏறி உப்பி கல்லையே பிளந்திருக்கு, வடகிழக்கு மூலையில ஒரு சாண் விரிசல். சுத்தியால அடிச்சு எடுக்காதீங்க. முளையச் சுத்திலும் சின்ன டிரில்லால தொளச்சு தளர்த்தி எடுக்கணும். மறுபடி பித்தளை முளை.

மேலவீதி அக்கா
அறநிலையத் துறை அனுமதி?

வாத்தியார் ஐயா
மனு கொடுத்தாச்சும்மா. அனுமதி எழுத்துமூலமா கைக்கு வராம ஒரு கூடை மண்ணு எடுக்க மாட்டோம்.

குவாரி மாமா
இழுக்கற அன்னிக்கு சுத்தி 30 அடிக்கு கயிறு கட்டி வைங்க, பிள்ளைங்க உள்ள வரக் கூடாது. தூக்குக் குண்டு ரெண்டு வேணும். ஒண்ணு தெக்கால, ஒண்ணு மேக்கால.

டிராக்டர் தம்பி
குண்டு ரெண்டும் நான் எடுத்துட்டு வர்றேன் மாமா. சாக்கு எத்தனை?

குவாரி மாமா
இருபது.