பிளொக்செயின் டெவலப்மென்ட்: மூன்றாம் வருசத்தில எங்கயிருந்து தொடங்குறது?

பிளேன்டீ_பிரியன்
கொழும்பில கம்பியூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் வருசம். சீ, பைத்தன் வரும், ஜாவாஸ்கிரிப்ட் அரைகுறை. லப்டொப் விண்டோஸ், 8 ஜீபீ ரம். யூடியூப் பார்த்துச் செய்யப்போனால் ஒண்டும் ஓடுதில்லை. எத்தீரியம் பிளொக்செயினில ஓடுற புரோகிராம்களை (கொன்ட்ராக்ட்) எழுதிப் பார்க்கிற ட்ரஃபிள், கனாஷ் டூல்களைப் போட்டால் எரருக்கு மேல எரர். கோர்லி டெஸ்ட்நெட்டை (பொய்க் காசில பழகுற நெட்வேர்க்) காணவே இல்லை. செபோலியா டெஸ்ட்நெட்டுக்கு இலவசமா ஈத்தர் (எத்தீரியம் நாணயம்) தாற ஃபோசெட் ஒண்டு "மெயின்நெட்டில கொஞ்சம் ஈத்தர் வைச்சிரு" எண்டு கேக்குது, அது உண்மைக் காசு ஓடுற நெட்வேர்க். வாங்கப் போனால் பாங்க் கார்ட்டை எடுக்குதில்லை. பைனல் இயர் ப்ரொஜெக்டுக்குத் தேயிலை ட்ரேஸபிலிட்டி (தூள் எங்கயிருந்து வந்ததெண்டு பின்தொடர்றது) யோசிச்சு வைச்சிருக்கிறன். கையில 6 மாசம், பின்னேரத்தில 2 மணித்தியாலம். சொந்தமா ஒரு நோட் (செயினின்ர கொப்பியை வைச்சிருக்கிற மெஷின்) ஓட்டோணுமோ? எதை முதல்ல படிக்கிறது?

காஸ்_கணக்கு
தம்பி, பிழை உங்கட லப்டொப்பில இல்லை, வீடியோவில. ட்ரஃபிளையும் கனாஷையும் நிறுத்தப்போறதா 2023 செப்டெம்பரிலேயே அறிவிச்சாச்சு. ரொப்ஸ்டன், ரிங்கெபி, கோர்லி மூண்டும் மூடின டெஸ்ட்நெட். ஒரு வீடியோவைத் தொடங்க முதல் கொன்ட்ராக்ட் எழுதுற மொழியான சொலிடிட்டியின்ர வேர்ஷனைப் பாருங்கோ. 0.8க்குக் கீழ எண்டாலோ, கூட்டல் கழித்தலுக்கு சேஃப்மத் லைப்ரரி போட்டாலோ அடுத்ததுக்குப் போங்கோ. 0.8ல இருந்து ஓவர்ஃப்ளோவை (எண் அளவுக்கு மிஞ்சிப் போறது) கொம்பைலர் தானாப் போடுற செக்கே பிடிக்கும்.

முதல் ரெண்டு கிழமை பிரவுசரிலேயே கோட் எழுதி ஓட்டுற ரிமிக்ஸ் மட்டும். பிறகு விண்டோஸில டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள லினக்ஸ்) போட்டு அதுக்குள்ள பவுண்ட்ரி எண்ட டெஸ்ட் டூல். டெஸ்டையும் சொலிடிட்டியிலேயே எழுதலாம், ஜாவாஸ்கிரிப்ட் பிறகு பார்க்கலாம். அதோட வாற ஆன்வில் உங்கட மெஷினுக்குள்ளயே ஒரு செயினை ஓட்டும்: 10 அக்கவுண்ட், ஒவ்வொண்டிலும் 10,000 பொய் ஈத்தர். 8 ஜீபீ தாராளம். முழு நோட் எண்டால் ஒரு டெராபைட்டைத் தாண்டின எஸ்எஸ்டி வேணும், அதை இப்ப மறந்திடுங்கோ. ஆன்விலின்ர அந்த 10 அக்கவுண்டின்ர பிரைவேட் கீயும் (ரகசியச் சாவி) உலகத்துக்கே தெரிஞ்சது. மறந்தும் அதுகளுக்கு உண்மைக் காசு அனுப்பினால் பொட் வந்து கண நேரத்தில வழிச்செடுத்திடும்.

சொந்த டோக்கன் அடிக்கிற பயிற்சி வேண்டாம், அதில படிக்க ஒண்டுமில்லை. ஒரு சீட்டுக் கொன்ட்ராக்ட் எழுதுங்கோ. 10 பேர், மாசம் ஆளுக்கு 5,000 ரூபா, குலுக்கல்ல வாறவருக்கு 50,000. எழுதத் தொடங்கினால் இந்த நாலு இடத்தில கட்டாயம் இடிபடுவீங்கள்.

காசைக் கொன்ட்ராக்டே லூப் போட்டு எல்லாருக்கும் அனுப்பினால், அதில ஒருத்தர் ஈத்தரை ஏற்காத கொன்ட்ராக்டா இருந்தாலே போதும், முழு ட்ரான்ஸக்ஷனும் ரிவேர்ட் ஆகி (நடக்காத மாதிரித் திரும்பி) எல்லாற்ற காசும் நிண்டுபோகும். அவரவர் வந்து எடுக்கிற மாதிரி வையுங்கோ.

எடுக்கிற பங்ஷனில முதல்ல அவரின்ர மீதியைப் பூச்சியமாக்கி, பிறகுதான் காசு அனுப்போணும். மாத்திச் செய்தால், காசு போய்ச் சேருற அந்த நேரத்தில அவரின்ர கொன்ட்ராக்ட் திரும்ப உங்கட பங்ஷனைக் கூப்பிட்டு இன்னொருக்கா எடுக்கும். ரீஎன்ட்ரன்சி எண்டது இதுதான். 2016 ஜூனில த டிஏஓ எண்ட எத்தீரியம் முதலீட்டு நிதியில இருந்து 36 லட்சம் ஈத்தர் போனது இந்த ஓட்டையாலதான்.

குலுக்கலுக்கு பிளொக் டைம்ஸ்டாம்பை நம்பாதையுங்கோ. இன்னொரு கொன்ட்ராக்ட்டில இருந்து அதே பிளொக்கில அதே கணக்கைப் போட்டு, தனக்கு விழுந்தால் மட்டும் உள்ள வரலாம். கொமிட்-ரிவீல் முறையை (எல்லாரும் முதல்ல தங்கட எண்ணை மூடிக் குடுத்து, பிறகு திறந்து காட்டுறது) எழுதிப் பாருங்கோ.

நாலாவது கோட்டில இல்லை. முதல் மாசமே 50,000 எடுத்தவர் பிறகு கட்டாமல் விட்டால்? கொன்ட்ராக்ட் ஆற்ற பொக்கெட்டுக்குள்ளயும் கை விடாது. மிச்ச 45,000ஐ முன்கூட்டியே டெபொசிட்டா வாங்கலாம், ஆனால் அவ்வளவு கையில இருக்கிற ஆளுக்குச் சீட்டு எதுக்கு? வெள்ளவத்தை ஒழுங்கையில சீட்டு ஓடுறது ஆளை ஆள் தெரியிறதால.

கொன்ட்ராக்ட் 60 வரி வந்தால் டெஸ்ட் 150 வரியாவது வரோணும். இதை முடிச்சிட்டு ஓட்டையுள்ள கொன்ட்ராக்டை உடைச்சுப் பழகுற ஈத்தர்நோட் விளையாட்டுக்குப் போங்கோ. ஹார்ட்ஹாட் (பவுண்ட்ரி மாதிரி, ஜாவாஸ்கிரிப்ட் பக்கம்) பிறகு, வெப்சைட் முன்பக்கம் கட்டேக்க பழகினால் சரி.

இரவுப்_பஸ்
கார்ட் விஷயம்: வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ வந்த 2021ஆம் ஆண்டு 3ஆம் இலக்கப் பணிப்புரைப்படி டெபிட், கிரெடிட் கார்ட்டால மெய்நிகர் நாணயத்துக்குப் பணம் கட்ட ஏலாது. பாங்க்கோட சண்டை பிடிச்சுப் பிரயோசனமில்ல. படிக்கிறதுக்கு உண்மை ஈத்தர் தேவையும் இல்ல. பிரவுசரைக் கணக்குப் போடவிட்டு (மைன் பண்ணி) எடுக்கிற ஃபோசெட் ஒன்டு இருக்கு, இரவுல ஓடவிட்டா செபோலியா ஈத்தர் சேரும். கூகுள் கிளவுட் ஃபோசெட்டும் பாருங்க. டெஸ்ட்நெட் ஈத்தரை யாராவது விலைக்குத் தாறன் என்டா வாங்க வேணாம்.

வொலட்டுக்கு (பிரைவேட் கீயை வைச்சிருக்கிற பிரவுசர் எக்ஸ்டென்ஷன்) தனி பிரவுசர் ப்ரொஃபைல். பிரைவேட் கீயை கிட்ஹப்ல ஏத்திட்டா, ஃபைலை அழிச்சாலும் கொமிட் ஹிஸ்டரியில அது கிடக்கும். அந்த கீயைக் கைவிடுறதுதான் ஒரே வழி.

இன்னொன்டு, தலைப்புக்குக் கொஞ்சம் வெளிய. லிங்க்ட்இன்ல "பிளொக்செயின் வேலை, இந்த ரெப்போவை இறக்கி ஓட்டிப் பாருங்க" என்டு வாற ஆக்கள் இருக்காங்க. இன்ஸ்டோல் பண்ணும்போதே வொலட்டையும் சேவ் பண்ணின பாஸ்வேர்டையும் உருவிக்கொண்டு போகும். அப்பிடி எதையும் வேர்ச்சுவல் மெஷினுக்கு வெளிய ஓட்டாதீங்க.

ஏலமணி
தேயிலை ட்ரேஸபிலிட்டிக்கு வருவம். கொழும்பு ஏலம் 1883 ஜூலை 30ல தொடங்கினது, எத்தீரியம் 2015 ஜூலை 30ல. பொருத்தம் அதோட சரி! பைக்குள்ள இருக்கிறது எந்தத் தோட்டத்துத் தூள் எண்டு எந்தச் செயினுக்கும் தெரியாது. பிழையா எழுதினால் அந்தப் பிழை அழியாமல் நிக்கும், அவ்வளவுதான். வைவாவில முதல் கேள்வியே "இதுக்கு ஏன் சாதாரண டேட்டாபேஸ் காணாது?" எண்டுதான் வரும். எல்லாத்தையும் ஒரே கம்பனி எழுதுறதெண்டால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போதும். தொழிற்சாலை, புரோக்கர், வாங்குறவர் மூண்டு பேரும் அவரவர் கீயால தங்கட படியில கையெழுத்து வைக்கிற அமைப்பெண்டால் உங்களிட்ட பதில் இருக்கு.

இன்வொய்ஸ் பீடிஎஃப்பைச் செயினில போடாதையுங்கோ, ஹாஷை (அதில இருந்து கணக்கிடுற, கைரேகை மாதிரியான எண்) மட்டும் போடுங்கோ. புது ஸ்டோரேஜ் இடத்தில 32 பைட் எழுத 22,100 காஸ் (செயினில செய்யிற வேலைக்கான கட்டண அலகு). அதையே ஒரு டொபிக்கோட (தேடுறதுக்கான லேபல்) ஈவென்டா (செயின் லொக்கில எழுதுற குறிப்பு) விட்டால் அடிப்படை 375 + டொபிக்குக்கு 375 + பைட்டுக்கு 8 வீதம் 32 × 8, மொத்தம் 1,006. ட்ரான்ஸக்ஷனுக்கான 21,000 ரெண்டுக்கும் பொது. ஆனால் ஈவென்டைக் கொன்ட்ராக்ட்டால திரும்ப வாசிக்க ஏலாது. வெளியில இருந்து சரிபார்க்கிறதெண்டால் ஈவென்ட், கொன்ட்ராக்டே பார்த்து முடிவெடுக்கிறதெண்டால் ஸ்டோரேஜ். இந்த ஒப்பீட்டை அளந்து ரிப்போர்ட்டில ஒரு டேபிளாப் போடுங்கோ.

கன பேர் விடுற பிழை: விலையையோ நிறையையோ தனியா ஹாஷ் பண்ணிட்டு "மறைச்சாச்சு" எண்டு நினைக்கிறது. ஒரு கிலோ விலை சில ஆயிரம் ரூபாவுக்குள்ளதான் வரும்; எல்லா எண்ணையும் ஹாஷ் பண்ணிப் பார்க்க உங்கட லப்டொப்புக்கு ஒரு செக்கன் காணும். ஹாஷ் பண்ண முதல் எழுந்தமான சோல்ட் (ஊகிக்கேலாத நீள எண்) ஒண்டைச் சேருங்கோ.

கம்பனிகள் தங்களுக்குள்ள ஓட்டுற பிளொக்செயினான ஹைப்பர்லெட்ஜர் ஃபப்ரிக்கையும் ஒருக்காப் பாருங்கோ. காஸும் இல்லை, நாணயமும் இல்லை, ஆர் உள்ள வரலாமெண்டு நீங்களே முடிவெடுக்கலாம், இந்த ப்ரொஜெக்டுக்கு அதுதான் கிட்ட. டொக்கரில பல கொன்டெய்னர் ஓடோணும், 8 ஜீபீயில இழுபடும்.

பிளேன்டீ_பிரியன்
எல்லாருக்கும் நன்றி. சீட்டைத் தொடங்கிட்டன். பவுண்ட்ரி டெஸ்டில காசு கட்டுறது சரி, எடுக்கிற இடத்தில மட்டும் ரிவேர்ட் ஆகுது. ரிமிக்ஸில அதே கோட் ஓடுது. சொலானா எண்ட மற்றச் செயின் பக்கமும் பார்க்கவோ?

காஸ்_கணக்கு
ரிமிக்ஸில கூப்பிடுறது சாதாரண அக்கவுண்ட். பவுண்ட்ரியில கூப்பிடுறது உங்கட டெஸ்ட் கொன்ட்ராக்டே, அதில ரிசீவ் பங்ஷன் இல்லாட்டி ஈத்தரை வாங்காது. பேயபிள் போட்ட வெறும் ரிசீவ் ஒண்டை டெஸ்டுக்குள்ள வையுங்கோ, இல்லாட்டி பவுண்ட்ரியின்ர பிராங்க் கட்டளை போட்டு வேற அட்ரெஸ்ஸில இருந்து கூப்பிடுங்கோ. மேல சொன்ன "ஈத்தரை ஏற்காத ஆள்" இப்ப நீங்கள்தான். இந்த ரிவேர்ட்டையே ஒரு டெஸ்டா எழுதி வையுங்கோ. சொலானாவுக்கு ரஸ்ட் மொழி வேணும், இந்த 6 மாசத்துக்குள்ள வேண்டாம்.