புதுப்பிப்பு: உலகம் சுத்துற டிக்கெட், முடிவு பண்ணியாச்சு

சென்னைல கிளம்பி உலகத்தைச் சுத்தி வர ஒரே டிக்கெட்டா எடுக்கலாமா, ஒவ்வொரு ஃப்ளைட்டா போடலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, கடைசில ரெண்டையும் கலந்துட்டேன். விமானக் கம்பெனிகள் சேர்ந்த கூட்டணிகள்தான் இந்த டிக்கெட்டை விக்கறாங்க; ஸ்டார் அலையன்ஸ் கூட்டணில எத்தனை மைல்ங்கறது கணக்கு, ஒன்வேர்ல்ட் கூட்டணியோட எக்ஸ்ப்ளோரர் டிக்கெட்ல எத்தனை கண்டம்ங்கறது கணக்கு, நமக்கு தென் அமெரிக்கா ஆஸ்திரேலியான்னு தூரம் எகிறுறதால கண்டக் கணக்குதான் கட்டுப்படியாகும். தென் அமெரிக்க ஏர்லைன் லாட்டம் 2020லயே ஒன்வேர்ல்டை விட்டுப் போயிட்டாங்க, ஆனா சிலியோட சாண்டியாகோ டு சிட்னிக்கு அதே கூட்டணில ஆஸ்திரேலியாவோட குவாண்டாஸ் இருக்கு, பொழச்சோம்.

டிக்கெட்ல மொத்தம் 16 செக்மென்ட்தான், அதாவது ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் போற ஒவ்வொரு கட்டமும் ஒரு செக்மென்ட், இதுல கொடுமை என்னன்னா லண்டன்ல இறங்கி ரோம்ல ஏறினா நடுவுல நாம சொந்தக் காசுல ட்ரெயின்ல போறதையும் ஒரு செக்மென்ட்டா எண்ணிடுவாங்க! அதனால லண்டன்லயே இறங்கி லண்டன்லயே ஏறிக்கறேன், ஐரோப்பாவுக்குள்ள தனியா பட்ஜெட் ஃப்ளைட், அது லேட்டானா பெரிய ஃப்ளைட்டை விட்டுடுவோம்ங்கற பயத்துல ரெண்டு நாள் முன்னாடியே லண்டன் திரும்பிடுவேன்.

தேதி மாத்தறது ஈஸி, ரூட் மாத்தினா காசு. விசா கிடைக்கலன்னா ரூட்டையே மாத்த வேண்டி வரும், அதான் அமெரிக்க விசா கைக்கு வராம பணம் கட்டப் போறதில்ல.