கலைச்சொல் வேண்டல்: ‘ஃப்ளக்ஸ் பின்னிங்’ (காந்தப்பாயத்தை நகராமல் பிடித்து வைத்தல்) = பாயத்தளை?

> ‘பாயப் பிணைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. புரியும்தான். ஆனால் அணுக்களுக்கு இடையே உள்ளதைப் ‘பிணைப்பு’ என்று வேதியியல் பாடநூல்கள் நிலைநிறுத்திவிட்டன. மீக்கடத்திகளை, அதாவது மின்தடையின்றி மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள்களைப் பற்றி எழுதினால் செம்பு-ஆக்சிஜன் பிணைப்பும் அதே பத்தியில் வந்து நிற்கும்.

நடப்பதைப் பார்த்துச் சொல்லைத் தேடுவோம். இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடு போன்ற உயர்வெப்பநிலை மீக்கடத்திக்குள் காந்தப்பாயம் மெல்லிய இழைகளாக நுழைகிறது. ஒவ்வோர் இழைக்கும் ஒரே அளவு பாயம். நடுவில் சில நானோமீட்டர் அகலத்துக்கு மீக்கடத்தாத உள்ளகம். 5 டெஸ்லா புலத்தில் இழைகளுக்கு இடையே ஏறத்தாழ 20 நானோமீட்டர்தான் இருக்கும். மின்னோட்டம் பாய்ந்தால் அது இழைகளைப் பக்கவாட்டில் தள்ளும். அவை நகர்ந்தால் ஆற்றல் வெப்பமாகி வீணாகும், மின்தடை தலைகாட்டிவிடும்.

இங்கேதான் நானோ அளவிலான குறைகள் உதவுகின்றன. ஏற்கெனவே மீக்கடத்தாத துகளின்மேல் உள்ளகம் அமர்ந்தால் ஆற்றல் மிச்சம் என்பதால் இழை அங்கேயே தங்கிவிடும். குறை மிகப் பெரிதானால் மின்னோட்டத்தின் வழியை அடைக்கும். மென்படலங்களில் பேரியம் சிர்க்கோனேட்டைச் சேர்த்தால் அது தானாகவே 5–10 நானோமீட்டர் தடிமனில் தூண்களாக எழும்புகிறது. இழையை நெடுகப் பிடிக்க அருமையான வடிவம். கேம்பிரிட்ஜில் 2014இல் கடோலினியம் வகை மீக்கடத்திக் கட்டிகளில், 26 கெல்வினில், 17.6 டெஸ்லா புலத்தைச் சிறைப்படுத்தினார்கள். புலத்தின் விசையில் கட்டி வெடிக்காமல் காத்தது எஃகு வளையம். புலத்தைப் பிடித்து வைத்தது இந்தக் குறைகள்.

மாட்டைத் தறியில் கட்டுவது போன்ற செயல். ஆகவே செயலுக்குப் ‘பாயத்தளை’, பிடிக்கும் இடத்துக்குத் ‘தறி’, விடுபடுவதற்குத் ‘தளையவிழ்தல்’, வெப்பத்தால் மெல்ல நகர்வதற்குப் ‘பாய ஊர்வு’ என்று முன்மொழிகிறேன். இழையைச் ‘சுழி’ என்று சொல்ல வேண்டாம். பூச்சியத்தைக் குறிக்கும் ‘சுழி மின்தடை’யோடு மோதும். யாப்பிலும் ‘தளை’ உண்டு, ஆனால் இயற்பியல் கட்டுரையில் இடறாது.

----

> பிடிக்கும் இடத்துக்குத் ‘தறி’

பாயத்தளை, தளையவிழ்தல் இரண்டும் எனக்கு முழுச் சம்மதம் அம்மா. அவிழ்வதையும் அதே வேரிலிருந்து சொல்ல முடிவது பெரிய வசதி. ‘தறி’ மட்டும் வேண்டாமே. ‘இழை’யும் ‘தறி’யும் ஒரே வரியில் வந்தால் படிப்பவர் மனம் நெசவுக்குப் போய்விடும். ‘தளைமையம்’ எனலாம், தூணாக நீண்டிருந்தால் ‘தளைத்தூண்’.

> ஆம், இழையோடு சேர்த்துப் பார்க்கையில் தறி பொருந்தவில்லை. தளைமையம், தளைத்தூண் இரண்டையும் பட்டியலில் சேர்க்கிறேன்.